அறுபதில் தொடங்கிய மருந்து

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
3 ஜூலை 2018, செவ்வாய்

மான்சா,

நான் சாகவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் போன வியாழக்கிழமை மீன் வாட்டும் புகையடுப்புப் பக்கத்திலிருந்து என்னைத் தூக்கி வந்தவர்கள், செத்துவிட்டாள் என்று நினைத்துத்தான் தூக்கி வந்தார்களாம். மூக்கில் குழாயோடு உட்கார்ந்து எழுதுகிறேன். பேச முடியவில்லை. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை. எழுதினால் கை மட்டும்தான் வலிக்கிறது.

உன் போனுக்கு அடித்தால் உன் மாமியார் எடுக்கிறார், இல்லாவிட்டால் மாப்பிள்ளை எடுக்கிறார். நான் கேட்கப்போவது அவர்கள் காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை. அதனால்தான் வேன்காரன் க்வாமினாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை விடியற்காலை மூரியிலிருந்து மீன் ஏற்றிப் போகிறான். குமாசிச் சந்தையில் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஃபொஸ்டினா என்று ஒரு நர்ஸ். வாய்த்துடுக்கு, ஆனால் கை பஞ்சு மாதிரி. நேற்று அவள் எனக்காக ஒரு புது ஊதா இன்ஹேலரை, நீ மாதாமாதம் அனுப்புவாயே அதே மருந்தை, அட்டைப்பெட்டி பிரித்து எடுத்தாள். முதுகில் இருக்கிற சின்ன ஜன்னலில் 120 என்று இருந்தது. எனக்கு ஆச்சரியம்.

"இது பெரிய சைசா?" என்று கேட்டேன்.

"சைசா? எல்லாம் ஒரே சைசுதாம்மா. புதுசுன்னா நூத்தி இருபதுலதான் ஆரம்பிக்கும். ஒரு தடவை அமுக்கினா ஒண்ணு குறையும்."

எனக்கு வருவது அறுபதில்தான் ஆரம்பிக்கும் என்றேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, அறுபதை ஒட்டினவர்களுக்கு அறுபது என்று போட்டிருக்கிறார்கள் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரிப்பதை நிறுத்தினோம்.

தினம் எத்தனை தடவை எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றேன். சீட்டில் இரண்டு இரண்டு என்று எழுதியிருக்கிறதே என்றாள். இரண்டு இரண்டு எடுத்தால் பாதி மாசத்தில் தீர்ந்துவிடுகிறதே, மீதி நாளைக்கு நான் எங்கே போவேன் என்றேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலில்தான் எனக்குப் புரிந்தது.

மருந்தை மாப்பிள்ளை பாஃபோ தன் கையால் வாங்கி உன் கையில் கொடுக்கிறார். நீ க்வாமினா கையில் கொடுக்கிறாய். அட்டைப்பெட்டி மட்டும் ஒரு மாசம்கூட வந்ததில்லை. வழியில் நசுங்கும், எடுத்துவிட்டேன் என்று நீதான் சொன்னாய். மீதி அறுபது எங்கே, மான்சா? விற்றாயா? விற்றிருந்தால் விற்றேன் என்று எழுது. திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடுவேன். என் மூச்சில் பாதியை யாருக்குக் கொடுத்தாய் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

சாளை மீன் பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. என் அடுப்பு நாலும் அணைந்து கிடக்கின்றன.

குக்குவா

•

குமாசி
8 ஜூலை, ஞாயிறு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பிழைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பாஃபோவும் மாமியாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

மருந்து விஷயம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கொடுப்பதை அப்படியே துணியில் சுற்றிக் கொடுக்கிறேன். கடையில் ஏதாவது கோளாறாக இருக்கலாம். க்வாமினாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடையில் மீன் குறைகிறது என்று நீயே எத்தனை தடவை புலம்பியிருக்கிறாய்? மீனை எடுக்கிற கை மருந்தை எடுக்காதா? ஒன்றும் விசாரிக்காமல் கூடப்பிறந்தவள் மேல் பழி போடுவது உனக்கு அழகில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வாரம் மீன் வராததால் சந்தையில் என் இடம் காலியாக இருக்கிறது.

மான்சா

•

மூரி
10 ஜூலை, செவ்வாய்

மான்சா,

சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று செவ்வாய். கடலுக்கு ஓய்வு நாள், யாரும் படகை இறக்கவில்லை. ஆண்பிள்ளைகள் எல்லாம் படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். உன் பேச்சை நம்பி, அத்தனை பேர் நடுவில் க்வாமினாவைக் கூப்பிட்டு, என் மருந்தைத் திருடினாயா என்று கேட்டேன். கேட்டு முடிக்கவே மூன்று தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவன் கோபப்படவே இல்லை. எழுந்து நின்று சொன்னான்: "அக்கா, நான் மீன் எடுப்பேன், ஒத்துக்கறேன். கூடைக்கு நாலு மீனு. ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும். மருந்தை எடுத்து நான் என்ன, குழம்பா வைப்பேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மானம் போயிற்று. அப்புறம் என்னைத் தனியே கூட்டிப்போய், மற்றவர்கள் காதில் விழாத மாதிரி ஒன்று சொன்னான். உன் கையிலிருந்து வாங்கும்போதெல்லாம் அந்த வாய்க்குழாயில் சிவப்பு ஒட்டியிருக்கும் என்றான். பொம்பளைகள் உதட்டில் போடுகிற சிவப்பு. தன் சட்டையில் பட்டு, அதற்காகத் தன் பெண்டாட்டியிடம் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டானாம்.

வீட்டுக்கு வந்தேன். தீர்ந்துபோன இன்ஹேலர்களை நான் எறிவதில்லை. ஒரு கயிற்றில் கோத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைத் திறந்து, ஓரத்து இடுக்கில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஏழில் இருந்தது. உன் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்தேனே, அந்தச் சிவப்புதான்.

நீ விற்கவில்லை. நீயே எடுத்திருக்கிறாய்.

உட்கார்ந்துவிட்டேன். கோபம் வருவதற்கு முன்னால், சின்ன வயசில் நீ மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்ததுதான் நினைவுக்கு வந்தது. புகை பட்டால் ஆகாது என்று உன்னைப் படகுப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பேன். பத்து வயசில் குமாசிக்கு அனுப்பினோம். அந்தக் காற்றில் இழுப்பு போய்விட்டது என்று சொன்னாய். போய்விட்டது என்றுதானே சொன்னாய்?

ஏழை க்வாமினாவின் தலையில் பழியைப் போட்டாயே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. உண்மையை எழுது.

குக்குவா

•

குமாசி
15 ஜூலை, ஞாயிறு

அக்கா,

ஆமாம். நான்தான்.

அவர் மாதம் பிறந்ததும் ஊதாவை வாங்கி வருவார். பதினைந்து நாள் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு நான் எடுத்துக்கொள்வேன். பிறகு துடைத்து, சுற்றி உனக்கு அனுப்புவேன். மீதி பதினைந்து நாளைக்கு, சந்தையில் மருந்து சுமந்து விற்கிறவனிடம் ரகசியமாக வாங்கிய ஒரு நீல இன்ஹேலர் வைத்திருக்கிறேன், மாவு டின்னுக்குள். மாசத்தில் பாதி நாள் நான் மனுஷி. மீதிப் பாதி மாடிப்படி ஏறும்போது, குனிந்து செருப்பு மாட்டுவது போல நடித்து, நின்று மூச்சு வாங்குகிறவள்.

உனக்கு அது போதும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். உன்னைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நீ கேட்கவே இல்லையே அக்கா. ஒரு மாசமாவது என்னடி இது அறுபது என்று கேட்டிருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன்.

ஆனால் நீ மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல். என் வாயைக் கட்டியது யார்?

பெண் கேட்டுக் கதவு தட்ட இவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சம்பந்தத்துக்கு வைக்கிற ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டில் நடுவில் இருந்தது. இவருடைய தாய்மாமா மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் பைத்தியம் உண்டா, காக்காய் வலிப்பு உண்டா, இழுப்பு உண்டா. மூன்றாவது கேள்வியை இவருடைய அம்மாதான் கேட்கச் சொன்னது. அவர் மகள் செர்வா இருபத்திரண்டு வயசில் இழுப்பில் அவர் மடியிலேயே போனவள். இன்னொரு தடவை அந்தச் சத்தத்தை என் வீட்டில் கேட்க மாட்டேன் என்று சொல்லித்தான் பெண் தேடினார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாய்? "எங்க வீட்டுல இருமல்கூடக் கிடையாது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டிலைத் திறந்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் என்னை ஆரோக்கியமானவளாக்கிவிட்டாய். அன்றிலிருந்து நான் ஆரோக்கியமாகவே இருந்தாக வேண்டும். டாக்டரிடம் போக முடியாது, இன்சூரன்ஸ் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. கடையில் வாங்க முடியாது, கடைக்காரர் அவருடைய சித்தப்பா மகன். அடுத்த வருஷமே உன் நெஞ்சு கெட்டது. உனக்கு அது அடுப்புப் புகையால் வந்தது, பரம்பரை இல்லை என்று அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். உன் நோய்க்கு ஒரு பெயரும் மருந்தும் கிடைத்தது. அந்த மருந்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து. ஒரு மாசமாக என் நாக்கிலும் கன்னத்து உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. காரம் பட்டால் உயிர் போகிறது. கொட்டாவி விடும்போது மாமியார் பார்த்துவிட்டார். எங்கள் தெருவில் ஒருத்திக்கு இப்படி வந்து, அது எய்ட்ஸ் என்று தெரிந்ததாம். அன்றிலிருந்து என் தட்டைத் தனியாக வைக்கிறார். அவர் மகனிடமும் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் நாலாம் தேதி, சனிக்கிழமை, குடும்பத்துப் பெரியவர்களைக் கூட்டியிருக்கிறார்கள். சந்தை மூலையில் நிற்கும் பெண்களைப் பார்ப்பது போல இவர் என்னைப் பார்க்கிறார், அக்கா.

யாரிடமும் சொல்லாதே. தயவுசெய்து.

மான்சா

•

மூரி
24 ஜூலை, செவ்வாய்

மான்சா,

போன வாரம் எழுதவில்லை. எழுதினால் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது.

ஆமாம், சொன்னேன். பொய்தான் சொன்னேன். உனக்குப் பிடித்த மனுஷன் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். நீ திரைக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தையில் உன் வாழ்க்கை நிற்கிறது என்று தெரிந்தது. சொன்னேன். அது பாவம் என்றால் உனக்காகச் செய்த பாவம். அதற்கு நீ கொடுத்த கூலி என்ன? மூன்று வருஷம், மாதம் தவறாமல், என் தொண்டையில் பாதியை மூடி வைத்தாய். கேட்கவில்லையே என்று என்னையே குற்றம் சொல்கிறாய். உன்னை நம்பினவள் எதற்கடி கேட்பாள்?

ஃபொஸ்டினாவிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவள் கெட்டிக்காரி, யாருக்கு என்று கேட்கவில்லை. சொன்னதை எழுதுகிறேன், வாசித்துத் தொலை.

அந்த வெள்ளை நீ பயப்படுகிறதாக இருக்காது. மருந்தை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் வாயில் தங்கி இப்படிப் படரும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்து, தொண்டை வரை கொண்டுபோய், துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. எனக்கு இது முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நீ கழிவறையில் ஒளிந்து இழுத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்குமென்று அப்படியே வந்திருப்பாய். வந்துவிட்ட வெள்ளைக்குத் தனியாகச் சொட்டு மருந்து உண்டு. அதற்கு டாக்டர் வாயைப் பார்க்க வேண்டும். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளும் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றாள்.

இன்னும் கேள். அந்த ஊதாவுக்குள் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று உள்ளே இருக்கும் வீக்கத்தை மெல்ல மெல்ல வடிக்கும். மற்றது மூச்சுக்குழாயை நாள் முழுக்கத் திறந்து வைக்கும். நன்றாக இருக்கிற நாளிலும் எடுக்க வேண்டும். பாதி மாசம் எடுத்துப் பாதி மாசம் விட்டால், வடிந்த வீக்கம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீலம் அந்த நேரத்துக்கு மூச்சைத் திறந்துவிடும், அவ்வளவுதான், வீக்கத்தைத் தொடாது. நீலம் வாங்கி வாங்கித் தீர்கிறது என்றால் உன் இழுப்பு முற்றுகிறது என்று அர்த்தம். அப்படி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்பே செத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திடீர் இழுப்புக்கு ஊதாவைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாதாம், அது டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் போகக் கூடாத மருந்தாம்.

எனக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு அதில் இன்ஹேலரைச் செருகிக் கொடுத்திருக்கிறாள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு தடவை அமுக்கி, பாட்டில் வாயிலிருந்து மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். அடுத்த தடவைக்கு மறுபடி முதலிலிருந்து. இத்தனை நாள் பாதி மருந்து என் நாக்கிலேயே படிந்திருக்கிறது. வந்ததே பாதி, அதிலும் பாதி! நான் பிழைத்திருந்ததே அதிசயம்.

ஒருத்தி வாய் வைத்ததை இன்னொருத்தி வாய் வைக்கக் கூடாது. ஒருத்திக்கு எழுதினதை இன்னொருத்தி எடுக்கவும் கூடாது. எனக்கு இருப்பது புகையால் வந்த நுரையீரல் நோய், உனக்கு இருப்பது ஆஸ்துமாவாக இருக்கலாம். மருந்து ஒரே நிறத்தில் இருக்கிறதால் ஒரே நோய் ஆகிவிடாது. உன் நெஞ்சில் குழாய் வைத்து ஒரு டாக்டராவது கேட்டிருக்கிறாரா இதுவரை?

புகைக்குள் உட்கார்ந்து மருந்து எடுப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி என்று சொல்லிவிட்டார்கள். என் அடுப்பு நாலையும் கோடி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் என் கை பட்ட அடுப்பு. அவள் மீன் அடுக்குவதைத் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தப்புத் தப்பாக அடுக்குகிறாள்.

மாப்பிள்ளையிடம் நீயே சொல். பெரியவர்கள் கூடுகிற அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் சொல். உன் வாயால் வந்தால் அது ஒரு விஷயம். மற்றவர் வாயால் வந்தால் வேறு விஷயம்.

குக்குவா

•

குமாசி
29 ஜூலை, ஞாயிறு

அக்கா,

கொப்பளிக்கிறேன். வெள்ளை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. வாசித்துத் தொலை என்று எழுதியிருந்தாய். நாலு தடவை வாசித்தேன்.

சொல்லப் பார்த்தேன். வியாழக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் யாரோ ஒருவன் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற முகம். அக்காவுக்கு அடுத்த மாச மருந்து வாங்கணும் என்று சொல்லிவிட்டேன். "வாங்கிடலாம்" என்று எழுந்து போனார்.

இன்னும் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் தாய்மாமா உனக்குப் போன் பண்ணப்போகிறார். நம் பக்கத்துப் பெரியவள் என்று உன்னைத்தான் கேட்பார்கள், சபையில் எல்லோரும் கேட்கும்படி. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நோய் உண்டா, மறைத்தீர்களா என்று கேட்பார்கள். ஒரு நோயும் இல்லை, காய்ச்சலில் வாய் வெந்திருக்கும் என்று சொல்லிவிடு. முன்னால் சொன்ன மாதிரியே. உன் வார்த்தைக்கு இங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. அதன் பிறகு நான் ரகசியமாகவாவது ஒரு டாக்டரைப் பார்க்கிறேன், சத்தியம். உன் மருந்தை இனி தொட மாட்டேன்.

ஒரே ஒரு தடவை, அக்கா. என்னைக் கைவிட்டுவிடாதே.

மான்சா

•

மூரி
7 ஆகஸ்ட், செவ்வாய்

மான்சா,

நடந்தது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்காதே. செவ்வாய் முழுக்க, சரி, சொல்லிவிடுவோம், ஒரு பொய்யோடு இன்னொரு பொய் என்றுதான் இருந்தேன். மறுநாள் க்வாமினா வேனோடு வந்து நின்றான். நீ கொடுத்தனுப்பிய காலிக் கூடைகளை இறக்கிவிட்டுச் சொன்னான்: "தங்கச்சி சந்தையில கூடையைத் தூக்கிட்டு நின்னுச்சு அக்கா. உதடு நீலமா இருந்துச்சு. கேட்டா வெயில்ங்குது."

அப்போதுதான் முடிவு செய்தேன். அவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், அதே படகு நிழலில், அதே ஆட்கள் நடுவில். பிறகு இரண்டு ஷ்னாப்ஸ் பாட்டில் வாங்கி அவன் கையில் கொடுத்தேன். கொடுத்த வாக்கைத் திரும்ப எடுப்பதானால் வெறுங்கையோடு எடுக்கக் கூடாது அல்லவா. சனிக்கிழமை மதியம் உங்கள் வாசலில் அவன் வந்து நின்றதும் உனக்கு விளங்கியிருக்கும்.

தாய்மாமா கேட்டார். நான் சொன்னேன்: "முதல்ல அந்த ரெண்டு பாட்டிலையும் நடுவுல வைக்கச் சொல்லுங்க. நாலு வருஷம் முன்னாடி நான் சொன்னது பொய். என் தங்கச்சிக்குப் பிறந்ததுலேருந்து இழுப்பு. மறைச்சது நான்."

அப்புறம் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அத்தனை பெரியவர்களும் போனில் என் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வாயில் படர்ந்திருக்கிற வெள்ளை, இழுக்கிற மருந்தால் வந்திருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள், நீங்கள் நினைக்கிறது இல்லை என்று சொன்னேன். அது வரை எல்லாம் நான் யோசித்து வைத்ததுதான்.

பிறகு உன் மாமியார் கேட்டார்: "அவளுக்கு மருந்து எங்கேருந்து வந்துச்சு?"

இதற்கு நான் எதுவும் யோசித்து வைக்கவில்லை. நான்தான் பாதி பாதியாகக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் உன் மேல் ஒரு கறையும் விழுந்திருக்காது. நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன், அறுபது வரை, உதட்டுச் சிவப்பு வரை. பொய்க்கு இனி மூச்சு இல்லை என்று சொன்னேனா, இல்லை, உனக்கும் ஒரு தடவை வலிக்கட்டும் என்று சொன்னேனா, மூன்று நாளாக யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளையின் குரல் ஒரு தடவை கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. போன் வைத்துவிட்டார்கள்.

நீ உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

குக்குவா

•

குமாசி
12 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா,

உயிரோடு இருக்கிறேன்.

திங்கட்கிழமை மாமியாரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நான் ஊதியதைப் பார்த்து டாக்டர் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். ஆஸ்துமாதான். வாயில் இருப்பது மருந்தால் வந்ததுதான், வேறு இல்லை என்று இரத்தமும் பார்த்துச் சொன்னார்கள். என் பெயரில் சீட்டு எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என் பெயரில் எழுதிய முதல் சீட்டு.

வரும் வழியில் மாமியார் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இழுப்புக்காரி வேண்டாம்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். பொய்க்காரி வேண்டாம்னு கேக்க மறந்துட்டேன்." ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குக் கொடுத்த மருந்தைக் காலையிலும் ராத்திரியும் நான் எடுக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நிற்கிறார். கொப்பளித்துத் துப்பும் வரை போவதில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அன்றைக்குப் போனில் பாஃபோ என்ன சொன்னார் என்று உனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். போனை வைக்கும் முன்னால், அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார், அக்கா. சத்தம்கூடப் போடவில்லை. "கேட்டிருந்தா ரெண்டு வாங்கியிருப்பேனே" என்றார்.

அவ்வளவுதான். நாலு வருஷமாக ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்: அக்கா சொன்னாள், உங்கள் அம்மா பயமுறுத்தினார், செர்வா இப்படித்தான் செத்தாள். அதில் ஒன்றும் அவர் கேட்டதற்குப் பொருந்தவில்லை. நோயைப் பார்த்து அவர் ஓடுவார் என்று நான்தான் தீர்மானித்து வைத்திருந்தேன். அவரிடம் கேட்கவே இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பாதி பாதியாக நான் கொடுத்தேன் என்று நீ சொல்லியிருக்கலாம். நான் உனக்குச் செய்ததற்கு அது கூலி என்று என் புத்திக்குத் தெரிகிறது, மனசுக்கு ஏறவில்லை. நீ எனக்கு இனி எழுதினால் வாசிப்பேன். உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்காதே.

மருந்தை நேற்று பாஃபோ வாங்கி வந்தார். இரண்டு, அட்டைப்பெட்டியோடு. ஒன்றை என் பக்கம் மேசையில் வைத்தார். உன்னுடையதைத் தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டு, டேப் ஒட்டத் தொடங்கினார். டேப் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் அவரால் முடியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"நீ தொடாத" என்றார்.

தன் பல்லால் டேப்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாகவே ஒட்டி முடித்தார். க்வாமினாவின் வேன் வரை தானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இந்தக் கடிதத்தை அதற்குள் வைக்கட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தபாலில் போடுகிறேன். உனக்கு முதலில் மருந்து வந்துவிடும்.

மான்சா